குடும்பத்தோடு கேஜன் நண்டு, இறால் கடைக்குப் போகிறீர்களா? ஆர்டர் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம் வேலைக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில மாதங்களுக்குள்ளேயே இந்த அழைப்பு வந்துவிடும்: "ஒரு நாள் கிராஃபிஷ் சாப்பிடப் போலாம், வாங்க." கிராஃபிஷ் என்றால் சிங்கி இறால் மாதிரியான ஒரு நன்னீர்ப் பிராணி, கேஜன் என்றால் பக்கத்து மாநிலமான லூசியானாவின் சமையல் பாணி. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனால் அங்கே தட்டு இருக்காது. கரண்டி கேட்டால்தான் வரும். மேஜையில் காகிதம் விரித்திருப்பார்கள். பூண்டு, வெண்ணெய், மிளகாய்ப் பொடி கலந்த குழம்பில் ஊறிய நண்டும் இறாலும் ஓட்டோடு ஒரு பிளாஸ்டிக் பையில் வந்து இறங்கும். பிரித்து, உடைத்து, கையாலேயே சாப்பிட வேண்டும்.

கையால் சாப்பிடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே விலை தட்டுக்கு இல்லை, எடைக்கு. காரத்தையும் நீங்களே சொல்ல வேண்டும். இந்த இரண்டிலும் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள், நாங்களும்தான். இனி போகிறவர்களாவது நிம்மதியாகச் சாப்பிட்டு வரட்டும் என்று எழுதுகிறேன். விலைகள் ஹூஸ்டன் வட்டாரத்தை வைத்துச் சொல்பவை. வேறு ஊரில் ஐந்து, பத்து டாலர் முன்னே பின்னே இருக்கும்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

கிராஃபிஷ் என்பது நன்னீரில் வளரும், விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான, குட்டிச் சிங்கி இறால் மாதிரியான பிராணி. அமெரிக்காவில் இதன் பெரும்பகுதி லூசியானாவிலிருந்து வருகிறது. அங்கே நெல் வயல்களிலேயே தண்ணீர் கட்டி வளர்க்கிறார்கள். ஜனவரி கடைசியில் கடைக்கு வரத் தொடங்கி, ஜூன் வாக்கில் முடியும். ஜனவரியில் உருப்படி சிறியது, விலை அதிகம். ஜூனில் ஓடு கெட்டியாகிவிடும். மார்ச் பாதியிலிருந்து மே வரைதான் போக வேண்டிய காலம். மற்ற மாதங்களில் கிராஃபிஷ் கேட்டால் பெரும்பாலும் உறைந்ததைத்தான் தருவார்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள், நண்டும் இறாலும் வாங்குங்கள்.

விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2023 கோடையில் லூசியானாவில் வறட்சி. அதனால் 2024 பருவத்தில் வரத்து சுருங்கி, அந்த மாநில ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி பேரிடர் அறிவிப்பே வெளியிட்டார். போன வருடம் நண்பர் சொன்ன விலையை நம்பிக் கிளம்ப வேண்டாம். கடைக்கு ஃபோன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்றைக்குக் கிராஃபிஷ் பவுண்டு எவ்வளவு? உயிரோடு வந்ததா, உறைந்ததா? தினமும் கேட்கப்படும் கேள்விதான், தயங்க வேண்டியதில்லை.

கிழமையும் முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி ஈஸ்டர் வரை கிறிஸ்தவர்களின் தவக்காலம். கத்தோலிக்கர்கள் அந்த வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டார்கள், மீனும் இறாலும் சாப்பிடலாம். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் கவுச்சி கிடையாது, இங்கே வெள்ளிக்கிழமைதான் கவுச்சிக் கடையில் இடம் கிடையாது. புனித வெள்ளியன்று அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை, மாலை ஐந்து மணிக்கு முன்னால் போனால் காத்திருக்காமல் உட்காரலாம். வார நாட்களில் மதியம் மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும் கடைகளும் உண்டு, நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசி விரதக்காரர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. அது கிராஃபிஷ் இல்லாத பருவம்.

இந்தக் கடைகள் பலவற்றில் முன்பதிவு கிடையாது. பேர் எழுதிக்கொள்வார்கள், ஆனால் கூட்டத்தில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் உட்கார வைப்பார்கள். இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போவதென்றால், அவர்களுக்கு அரை மணி நேரம் முன்கூட்டியே நேரம் சொல்லுங்கள். காரணம் உங்களுக்கே தெரியும்.

2. எந்த மாதிரிக் கடை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு வகை. லூசியானா பாணியில், மசாலா கொதிக்கும் தண்ணீரிலேயே இருக்கும். வேகவைத்து, அதிலேயே ஊறவிட்டு, வடித்து, தட்டத்தில் கொட்டித் தருவார்கள். மேலே சாஸ் இருக்காது. இன்னொன்று வியட்நாமியர் கைப்பக்குவம் சேர்ந்தது. வேகவைத்த பிறகு பூண்டு, வெண்ணெய், எலுமிச்சை, மிளகாய் எல்லாம் கலந்த சாஸில் புரட்டிப் பையில் கட்டித் தருவது. ஹூஸ்டனில் பெல்லேர் புலிவார்ட் என்ற சாலை நெடுகிலும் இந்த வகைதான். 2004-ல் கலிஃபோர்னியாவின் கார்டன் குரோவில் தொடங்கிய பாய்லிங் கிராப் போன்ற சங்கிலிக் கடைகளும் இதே பாணி.

முதல்முறை, அதுவும் குழந்தைகளோடு என்றால் இரண்டாவது வகைக்கே போங்கள். பூண்டு தூக்கலாக இருக்கும், கூடவே சோறு கிடைக்கும், காரத்தைப் பைக்குப் பை மாற்றிக் கேட்கலாம். லூசியானா பாணியில் தண்ணீரே காரம் என்பதால் "குழந்தைக்கு மட்டும் காரமில்லாமல்" என்பது நடக்காது.

3. கையோடு எடுத்துப்போக வேண்டியவை

பீர் குடிக்கும் உத்தேசம் இருந்தால் அடையாள அட்டை. 21 வயது நிறைந்தவர்களுக்குத்தான் மது, தலை நரைத்திருந்தாலும் அட்டை கேட்கும் இடங்கள் உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு டெக்சாஸ் லைசென்ஸ் இருக்காது. அவருக்குப் பாஸ்போர்ட் அசல் வேண்டும், ஃபோனில் எடுத்த படத்தை ஏற்காமல் போகலாம். ஒரு பீருக்காகப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து. அப்பாவுக்கு வீட்டில் வந்து ஊற்றிக் கொடுங்கள்.

குழந்தைக்கு மாற்றுச் சட்டை, ஈரத் துடைப்பான், காரில் விரிக்க ஒரு பழைய துண்டு. மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பேர்லேண்ட் மீனாட்சி கோவிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு அப்படியே இங்கே வரும் திட்டம் இருந்தால் கைவிடுங்கள். வெண்ணெயும் மிளகாயும் சேர்ந்த கறை பட்டில் போகாது. கடையில் கழுத்தில் கட்ட ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன் தருவார்கள், அது மார்பை மட்டும்தான் மறைக்கும்.

4. ஒவ்வாமையும் விலக்கும்: உட்கார்ந்ததும் கேளுங்கள்

இறால், நண்டு, கிராஃபிஷ், லாப்ஸ்டர் நான்கும் ஓட்டுடலிகள் என்ற ஒரே இனம். ஊரில் இறால் சாப்பிட்டு உடம்பு தடித்த அனுபவம் யாருக்காவது இருந்தால் கிராஃபிஷைச் சோதித்துப் பார்க்கும் இடம் இதுவல்ல. அவர்களுக்குக் கோழி வறுவல் சொன்னாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. இறால் பொரித்த எண்ணெயிலேயே கோழியும் உருளைக்கிழங்கும் பொரிப்பது வழக்கம், கேட்டால் சொல்லிவிடுவார்கள். கடுமையான ஒவ்வாமை என்றால் அந்தக் கடைக்கு உள்ளேயே அழைத்துப் போகக்கூடாது. நண்டு வேகும் ஆவியே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

பையில் சேர்க்கும் சாசேஜ் பெரும்பாலும் பன்றி. சிலவற்றில் மாடும் கலந்திருக்கும். செட் சாப்பாடு ஆர்டர் செய்தால் கேட்காமலே உள்ளே வந்துவிடும். வேண்டாம் என்றால் "சாசேஜ் வேண்டாம், பதிலுக்கு முட்டை கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

சைவக்காரர்களுக்கு இங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. சோளமும் உருளைக்கிழங்கும் சைவம்தானே என்று மாமியாருக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள், அதெல்லாம் நண்டு வெந்த தண்ணீரில் வெந்தவை. மாமியாரை வீட்டிலேயே சாப்பிட வைத்துவிட்டுக் கூட்டிப் போகலாம். என்னைக் கேட்டால் அந்த வாசனையில் ஒன்றரை மணி நேரம் அவரை உட்கார வைப்பதைவிட வேறு நாளில் வேறு கடைக்குப் போவது மேல்.

மெனுவில் பச்சைச் சிப்பி இருக்கும். சர்க்கரை நோய், ஈரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடவே கூடாது. மெக்சிகோ வளைகுடாக் கடலின் வெதுவெதுப்பான நீரில் இருக்கும் விப்ரியோ கிருமி இவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். எலுமிச்சை பிழிந்தாலும் காரச் சாறு ஊற்றினாலும் அது சாகாது. வெந்த இறால், நண்டு பற்றி அந்தப் பயம் வேண்டாம்.

5. எடைக் கணக்கு

மெனுவில் பவுண்டுக் கணக்கில் விலை இருக்கும், அல்லது விலை போட வேண்டிய இடத்தில் 'மார்க்கெட் பிரைஸ்' என்று இருக்கும். அப்படி இருந்தால் விலையைக் கேட்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். பக்கத்து மேஜையில் யாரும் உங்களைக் கஞ்சன் என்று நினைக்க மாட்டார்கள், அவர்களும் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு பவுண்டு என்பது 453 கிராம். கிராஃபிஷில் தின்னக்கூடிய வால் சதை ஏறக்குறைய 15 சதவீதம்தான். அதாவது ஒரு பவுண்டு வாங்கினால் 70 கிராமுக்கும் குறைவான சதை. மீதி முழுக்கத் தலையும் ஓடும். அதனால்தான் இங்கத்திய ஆட்கள் ஆளுக்கு மூன்று பவுண்டு சொல்கிறார்கள். அதைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், நாமும் அப்படியே சொல்லவும் வேண்டாம். மூன்று பவுண்டு உரிக்கப் பழகிய கைக்கே அரை மணி ஆகும். புதியவருக்கு விரல் வலி வந்து பாதியில் நிற்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு பவுண்டு கிராஃபிஷ், கூடச் சோறோ பூண்டு நூடுல்ஸோ போதும்.

இறால் தலையோடும் கிடைக்கும், தலையில்லாமலும் கிடைக்கும். தலையோடு வாங்கினால் பவுண்டுக்கு இரண்டு, மூன்று டாலர் குறைவு, ஆனால் ஏறக்குறைய பாதி எடை கழிவில் போகும். கணக்குப் பார்த்தால் லாபம் ஒன்றுமில்லை. ருசிக்காக வேண்டுமானால் தலையோடு வாங்குங்கள், சாஸ் அந்தத் தலைக்குள் போய்த் தங்கியிருக்கும்.

நண்டில்தான் பணம் பறக்கும். ஸ்னோ கிராப் என்பது கடையில் கொத்தாகத்தான் வரும், ஒரு பக்கத்துக் கால்கள் அத்தனையும் சேர்ந்த கொத்து. உரிப்பது சுலபம், நீள நீளமாகச் சதை வரும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். பவுண்டு 30 டாலரை ஒட்டி இருக்கும். கிங் கிராப் 50-ஐத் தாண்டும். நம் ஊர் நண்டுக்குழம்பின் நினைப்பில் நண்டு தேடுகிறவர்களுக்கு ஏற்றது புளூ கிராப். விலை மலிவு, சதை இனிப்பு, ஆனால் நோண்டி நோண்டித்தான் எடுக்க வேண்டும்.

செட் சாப்பாடு என்று இரண்டு, மூன்று வகை சேர்த்து ஒரே விலையில் போட்டிருப்பார்கள். சோளம், உருளைக்கிழங்கும் அதில் அடக்கம். தனித்தனியே கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டாத மட்டியும் சாசேஜும் அதில் இருந்தால் அது சலுகையே அல்ல.

6. காரம்

சாஸ் ஒரு கேள்வி, காரம் இன்னொரு கேள்வி. சாஸில் கேஜன், லெமன் பெப்பர், பூண்டு வெண்ணெய், இவை எல்லாம் சேர்ந்த கலவை என்று நான்கு இருக்கும். கலவையைச் சொல்லுங்கள், பெரும்பாலோர் சொல்வதும் அதைத்தான். காரத்தில் மைல்டு, மீடியம், ஹாட், அதற்கும் மேலே எக்ஸ்எக்ஸ்எக்ஸ் மாதிரி ஏதோ ஒரு மிரட்டல் பெயர்.

"நாங்க ஆந்திரா மெஸ்ஸிலேயே சாப்பிட்டவங்க" என்று நம் ஆட்கள் நேராக ஹாட்டுக்குப் போவார்கள். அந்த வீரம் இங்கே செல்லாது. நம் குழம்பில் காரம் இருந்தால் அதைத் தணிக்கப் புளியோ தேங்காயோ கூடவே இருக்கும், மேலே ஒரு பிடி சோறும் இருக்கும். இங்கே காரம் ஓட்டின் மேல் பூசியிருக்கிறது. ஒவ்வொன்றையும் விரலால் உரிக்கிறீர்கள், பல்லால் கடிக்கிறீர்கள். அது நாக்குக்குப் போவதற்கு முன்பே உதட்டிலும் நகக்கண்ணிலும் ஏறிவிடும். பத்தாவது கிராஃபிஷில்தான் உங்களுக்கே தெரியும். கடைக்குக் கடை அளவும் வேறு. முதல்முறை மீடியம் சொல்லி, காரச் சாஸ் ஒரு கிண்ணம் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிக்கொள்ளலாம், இறக்க முடியாது.

குழந்தைகளுக்குத் தனிப் பை, காரமே இல்லாமல். பெரியவர்கள் பையிலிருந்து ஒரு சோளத் துண்டை எடுத்துக் குழந்தைக்குக் கொடுப்பதுதான் பலரும் விழும் குழி. அந்தப் பையில் அதிகம் காரம் பிடிப்பதே சோளம்தான், முத்துக்கு முத்து நடுவில் குழம்பு நிற்கும். அழ ஆரம்பித்தால் தண்ணீர் கொடுக்காதீர்கள், பால் அல்லது வெறும் சோறு கொடுங்கள். கையால் கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது.

உப்பும் தூக்கல்தான். ரத்தக் கொதிப்பு மாத்திரை போடும் பெரியவர்கள் சாஸை உறிஞ்சாமல் சதையை மட்டும் எடுத்துச் சாப்பிடலாம்.

7. இரண்டு தவணையாக ஆர்டர் கொடுங்கள்

உட்கார்ந்ததும் குழந்தைகளுக்கான பூண்டு நூடுல்ஸ் அல்லது கோழி வறுவல், எல்லோருக்கும் வெள்ளைச் சோறு. இவை முதலில் வரட்டும். பைகள் தயாராகத் தயாராகத்தான் வரும், எல்லாம் ஒன்றாக வராது. பசித்த குழந்தையோடு நண்டுக் கால் உடைக்க முடியாது.

அப்புறம் முதல் தவணையாகக் கிராஃபிஷ் இரண்டு பவுண்டு, இறால் ஒரு பவுண்டு. காரத்துக்கேற்பப் பையைப் பிரிக்கச் சொல்லுங்கள். கடைக்காரரும் கூட வந்த நண்பர்களும் "இது பத்தாது" என்பார்கள். பத்தாவிட்டால் இரண்டாம் தவணை சொல்லலாம், கால் மணி நேரத்தில் வந்துவிடும். முதலிலேயே எட்டு பவுண்டு சொல்லிவிட்டால் கடைசி மூன்று பவுண்டு ஆறிப்போய், வெண்ணெய் உறைந்து கிடக்கும், காசு மட்டும் குறையாது.

அந்தச் சோறு எதற்கு என்று கேட்பீர்கள். பை காலியானதும் அடியில் பூண்டோடு நிற்கும் சாஸைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுங்கள். இந்தக் கடையில் நம்மவர்களுக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த கவளம் அதுதான், இரண்டு டாலருக்கு.

8. உரிக்கும் முறை

பையைத் திறக்கும்போது வாயை உங்கள் முகத்துக்கு எதிர்ப்புறம் திருப்பிக்கொள்ளுங்கள், ஆவி அடிக்கும். கிராஃபிஷின் தலையை ஒரு கையிலும் வாலை இன்னொரு கையிலும் பிடித்து முறுக்கி இழுங்கள். வாலின் முதல் ஒன்றிரண்டு வளையங்களைக் கழற்றி, நுனியை அழுத்திச் சதையை இழுத்தால் முழுதாக வரும். முதுகில் கறுப்பு நரம்பு தெரிந்தால் எடுத்துவிடுங்கள். தலையை உறிஞ்சுவது உங்கள் இஷ்டம், மசாலா முழுக்க அங்கேதான் இருக்கும். சதை கொழகொழவென்று மாவாக இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். ஒரு பையில் அப்படி நிறைய இருந்தால் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருக்காமல் உடனே ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வாய் திறக்காத மட்டியை வலுக்கட்டாயமாகப் பிளந்து சாப்பிடாதீர்கள்.

ஸ்னோ கிராப் காலை மூட்டுக்குப் பக்கத்தில் மடக்கி மெல்ல இழுத்தால் போதும். கத்தரி கேட்டால் கொடுப்பார்கள். கையுறையும் தருவார்கள். நமக்கு அது இடைஞ்சல்தான், ஆனாலும் காரத்துக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம்.

9. பில்

நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு: கிராஃபிஷ் 2 பவுண்டு 22 டாலர், தலையோடு இறால் 1 பவுண்டு 14, ஸ்னோ கிராப் 1 பவுண்டு 32, சோளம், உருளைக்கிழங்கு, முட்டை 9, பூண்டு நூடுல்ஸ் 11, சோறு இரண்டு 4, குழந்தைக்குக் கோழி வறுவல் 9, குளிர்பானங்கள் 8. ஆக 109 டாலர். ஹூஸ்டன் விற்பனை வரி 8.25 சதவீதம், ஏறக்குறைய 9 டாலர். டிப்ஸ் 18 சதவீதம் என்றால் 19.62. கையை விட்டுப் போவது 138 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. மெனுவைப் பார்த்து நூறு டாலர்க் கணக்கில் மனக்கோட்டை கட்டாமல் 140 டாலர் என்று வைத்துக்கொண்டு போங்கள். ஸ்னோ கிராப்பை விட்டுவிட்டால் நூறு டாலருக்குள் முடியும்.

டிப்ஸ் வைக்காமல் எழுந்து வராதீர்கள். டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், உங்கள் மேஜையின் குப்பையை அள்ளுகிறவரும் அவரே. ஆனால் ஆறு பேர், எட்டுப் பேர் என்று கூட்டமாகப் போனால் டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. அதற்குக் கீழேயும் டிப்ஸ் எழுத ஒரு கோடு இருக்கும். மேலே சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்காமல் எழுதினால் இரண்டு முறை கொடுப்பீர்கள். கார்டு போட்டால் கூடுதல் கட்டணம் என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு குடும்பம் பில்லைப் பிரித்துக்கொள்வதானால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எல்லாம் ஒரே மேஜையில் குவிந்த பிறகு யார் எத்தனை பவுண்டு தின்றார்கள் என்று சண்டைதான் மிஞ்சும்.

10. மிச்சமானால்

கிராஃபிஷை ஓட்டோடு கட்டிக் கொண்டு வராதீர்கள். கடையிலேயே உரித்து, சதையை மட்டும் டப்பாவில் வாங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் முட்டைப் பொரியலில் போட்டால் ருசி, உப்பு மட்டும் சேர்க்காதீர்கள். தொடாத நண்டு மிச்சமிருந்தால் இடித்து ரசம் வைக்கலாம், அதற்கும் உப்பு வேண்டாம்.

பார்சல் வாங்கி வீட்டில் சாப்பிட்டால் இன்னொரு வேலை இருக்கிறது. ஓடுகளை அன்றே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வண்டி வர நான்கு நாள் இருந்தால், ஹூஸ்டன் வெயிலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இரட்டைப் பையில் கட்டி ஃப்ரீஸரில் வைத்து, குப்பை வண்டி வரும் அன்று காலையில் தொட்டியில் போடுங்கள். பையின் மேல் என்னவென்று எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் வீட்டில் யாராவது அதை இறால் என்று நினைத்து எடுத்துக் கரைய வைத்துவிடுவார்கள்.